பாட்டாவின் காகிதங்களுக்கு ஓர் இடம்

மக்கா,

முதலில் ஷைனியின் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றதையெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவேன்; எனக்கு என்னைத் தெரியும். அவள் குழாயடியில் வழுக்கி விழவில்லை. உன்னிடம் அப்படிச் சொன்னது அவள். சொல்லட்டும் என்று பக்கத்தில் பேசாமல் நின்றது நான். பாசி பிடித்த இடத்தில் பார்த்துக் காலை வைக்கத் தெரியாதா என்று நீ போனில் அவளைத் திட்டினாய். உன் பெண்டாட்டி கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு, சிரித்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனியில் கடல் ஏறி நம் அடுக்களைச் சுவரைத் தள்ளியது உனக்குத் தெரியும். அப்போது வீட்டுக்குள் யாரும் இல்லை என்று உன்னிடம் சொன்னோம். அது பொய். உள்ளே நான் இருந்தேன். என்னால் அவளும் இருந்தாள்.

இதைப் போனில் சொல்ல எனக்கு வராது. நீ பாதியில் கத்துவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பக்கத்து வீட்டுச் சூசையின் மகன் லீவு முடிந்து நீ வேலை செய்கிற நாட்டுக்குத்தான் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடுவேன். நீ கடலுக்குப் போகிற நேரமாக இருந்தால் பிரிக்காதே. கரைக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி. படகில் வைத்துப் படிக்க வேண்டாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே கடல் ஒரு மாதிரிக் கிடந்தது. இரைச்சல் வழக்கமானதுதான், ஆனால் இரண்டு அலைக்கு நடுவே வருகிற அந்த ஓய்வு இல்லை. நமக்கு முன்னால் இரண்டு வரிசை வீடு இருந்தது, நீ பள்ளிக்கூடம் போன காலத்தில். இப்போது நாம்தான் முதல் வரிசை. அடுக்களை வாசலைத் திறந்தால் கரையில் போட்ட கல், கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். அந்தக் கல்லைத் தாண்டி முதல் தண்ணீர் முற்றத்துக்குள் வந்தபோது, மீன் கிடந்த சட்டி என் கண் முன்னால் மிதந்து போனது. தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. ஷைனி பிள்ளை மெர்லினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'மாமி, வாங்க' என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் வெளியே வந்துவிட்டோம், மக்கா. கோவில் தெரு வரைக்கும் வந்துவிட்டோம். அங்கே தண்ணீர் இல்லை. அங்கே நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

நான் திரும்பிப் போனேன். பாட்டாவின் பட்டாளக் காகிதங்கள் உள்ளே இருந்தன.

அவை உனக்குத் தெரியும். அலமாரி மேல் இருந்த அந்தப் பழைய ரெக்சின் பை. ஆனால் அவை எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. நீ பார்த்த பாட்டா, கடலுக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த கிழவர். என் அப்பாவுக்குக் கடல் என்றால் பயம். சிறுவயதில் அண்ணனோடு கட்டுமரத்தில் போயிருக்கிறார். மரம் கவிழ்ந்தது, அண்ணன் முங்கினான், அப்புறம் எழும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலில் காலை நனைத்ததே இல்லை. நம் ஊரில் ஓர் ஆண் அப்படி இருந்தால் அவனை என்ன பாடு படுத்துவார்கள் என்று உனக்கே தெரியும். அவருக்குப் 'பயந்தான்' என்று பெயர் வைத்தார்கள். பயந்தான் அந்தோணி. நான் பள்ளிக்கூடம் போகும்போது பயந்தான் மகள். பாலவாடி டீச்சராக வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் பெயர் என்னை விட்டது.

கடலை விட்டுத் தப்பிக்கத்தான் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். ஆள் எடுக்கிற இடத்தில் ஊரும் தொழிலும் கேட்டிருக்கிறார்கள். மீன்பிடிக்கிற ஊர் என்றதும், ஆற்றில் படகுகளைக் கட்டிப் பாலம் போடுகிற பிரிவில் தள்ளிவிட்டார்கள். தண்ணீருக்குப் பயந்து ஓடினவரைத் தண்ணீரிலேயே இறக்கினார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. வங்காளத்தில் சண்டை நடந்தபோதும் அங்கே இருந்தார். அது முடிந்து சில வருஷம் கழித்துப் பென்ஷனோடு ஊருக்கு வந்தார். அங்கே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பங்குனி வெயிலில் ஒரு நாள் அந்தக் காகிதங்களையெல்லாம் முற்றத்தில் பாய் விரித்துக் காயப் போடுவார். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், மெடலுக்கான தாள்கள், படகுப் பயிற்சியில் தேறியதற்கு ஒரு சர்டிபிகேட், ஆற்றங்கரையில் நின்று எல்லோரும் எடுத்த ஒரு போட்டோ. காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்து, காக்கையை விரட்டக் கையில் கம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். அதற்காகத்தான் காயப் போட்டார் என்று இப்போது தோன்றுகிறது. சாகும்போது என்னிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். 'அது நனையாமப் பாத்துக்கோ மக்ளே' என்றார்.

அதனால் போனேன். போகும்போது யோசிக்கவில்லை. முட்டளவு தண்ணீரில் அறைக்குள் போய், மிதந்துகொண்டிருந்த ஸ்டூலைப் பிடித்து ஏறி, பையை எடுத்தேன். இறங்கித் திரும்பினால் அடுக்களை வாசலில் ஷைனி நிற்கிறாள். பிள்ளையைச் சூசையின் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சுவர் வந்தது. சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. ஈரமான சுவர் மெதுவாக மடங்கி விழும். கதவு நிலையோடு சேர்ந்து அவள் மேல் சாய்ந்தது. அவள் உட்கார்ந்த மாதிரி விழுந்தாள், கால் நிலைக்கு அடியில் போய்விட்டது. அடுத்த அலை அவள் கழுத்து வரைக்கும் வந்துவிட்டு இறங்கியது. நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். இழுத்தேன், வரவில்லை. அலை மறுபடியும் வந்தது. அவள் தலையைத் தூக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தேன்.

சூசை ஓடி வந்தார். நிலைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினார். தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: 'அந்தப் பையத் தூரப் போடுங்க டீச்சர். ரெண்டு கையாலயும் பிடிங்க.'

அவர் சொன்ன பிறகுதான் நான் பார்த்தேன். என் இடது கையில் பை இருந்தது. மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தேன். உன் பெண்டாட்டி தண்ணீருக்குள் முங்கி எழும்பிக்கொண்டிருந்தபோது நான் அவளை ஒரு கையால்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மார்த்தாண்டத்தில் கொண்டுபோய்க் கட்டுப் போட்டோம். எலும்பில் கீறல், ஆவணிக்குள் சரியாகிவிடும் என்றார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவள் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை, அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. குழாயடிக் கதையை உண்டாக்கியது அவள்தான். உனக்குத் தெரிந்தால் என்னை வெறுத்துவிடுவாய் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீ கோபப்பட வேண்டியது அவளிடம் இல்லை, இதை நினைவில் வைத்துக்கொள். சில நாள் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். சுவர் இருந்த இடத்தில் தகரம் வைத்து மறைத்தோம். பை மறுபடியும் அலமாரி மேல் போனது; காகிதங்கள் ஒன்றும் நனையவில்லை. அன்றிலிருந்துதான் எனக்குச் சரியான பயம் பிடித்தது. கடலுக்குப் பயப்பட நான் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இது வேறு. கடலின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் என் கண் மேலே போகிறது, அலமாரிக்கு. மெர்லின் என் காலடியில் விளையாடிக்கொண்டிருப்பாள். கண் அவளிடம் போகாது. முதலில் பைக்குப் போய்விட்டு அப்புறம்தான் அவளிடம் வரும். ஒரு நாள் சாயங்காலம் அப்படி நான் மேலே பார்த்ததை ஷைனி பார்த்துவிட்டாள். காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: 'மாமி, இன்னொரு தடவ நீங்க உள்ள போனா நானும் ஒங்க பொறத்தால வருவேன். அத நெனச்சுக்கிடுங்க.'

அவள் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள், அவ்வளவுதான். அப்போதே முடிவு செய்தேன், இந்தக் காகிதம் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. இது இங்கே இருந்தால் நான் போவேன், நான் போனால் அவள் வருவாள்.

எரித்துவிடலாமே என்று நீ கேட்பாய். அடுப்புக்கு முன்னால் பையோடு உட்கார்ந்தும் பார்த்தேன். முடியவில்லை. சரி, பத்திரமான ஓர் இடத்தில் கொடுத்துவிடலாம் என்று தேடத் தொடங்கினேன். முதலில் நம் பங்குச் சாமியாரிடம் போனேன். கோவில் ஆபீஸில் இரும்புப் பெட்டி இருக்கிறது, ஞானஸ்நானப் புத்தகங்களோடு இதையும் வைக்கலாமா என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் புத்தகங்களைப் போன மாதமே உள்நாட்டில் ஒரு மடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கடல் இப்படியே வந்தால் கோவில் எத்தனை நாள் நிற்கும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். ஊர் ஜனம் பயந்துவிடும் என்றுதான் சொல்லாமல் இருக்கிறாராம். ஆறுதலுக்குப் போன இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனுஷன். எழுந்து நின்று டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஒரிஜினல் எப்போதும் குடும்பத்தாரிடம்தான் இருக்க வேண்டும், நாங்கள் வாங்கி வைப்பதில்லை, வேண்டுமானால் ஸ்கேன் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஷைனியின் தம்பி ஸ்கேன் எடுத்துத் தந்தான். ஆனால் போனில் இருப்பது படம், மக்கா. அப்பா கல் வைத்த தாள் அலமாரி மேல்தான் இருந்தது. பட்டாளத்தின் தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். தமிழ் தெரிந்த ஒருவரைப் பேசவைத்தார்கள். சிப்பாய்கள் எல்லோருடைய விவரமும் அவர்களிடம் இருக்கிறதாம், வீட்டில் இருப்பது வீட்டாருக்கு நினைவாகத்தானாம். மரியாதையாகத்தான் சொன்னார். நினைவாக வைக்கத்தான் எனக்கு இடம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொந்தக்காரர்கள் யாரிடமாவது கொடுக்கலாம் என்றால், ஷைனி வீடு உட்பட நம் ஆட்கள் எல்லோரும் இதே கரையில், இதே கல்லுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்த ஆற்றங்கரைப் போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் அப்பாவின் கையெழுத்தில் பெயர்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் பெயர் செல்லையன், ஊர் அருமனை. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அப்பா வருஷத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போவார். திரும்பி வரும்போது பலாப்பழம் கொண்டுவருவார். அவர் இறந்த செய்தி வந்த நாளில் அப்பா சாப்பிடவில்லை. அவர் பிள்ளைகள் யாராவது அங்கே இருப்பார்கள் என்று நினைத்தேன். அருமனை மேட்டு ஊர். கடல் அங்கே வர வேண்டுமானால் உலகமே முடிந்திருக்க வேண்டும்.

ஆடிச் சாரலில் கிளம்பினேன். பையை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மார்த்தாண்டத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் கூட்டம். பையைச் சீட்டுக்கு அடியில் வைக்கும்படி கண்டக்டர் சொன்னார். முடியாது என்று தலையை ஆட்டினேன். வழியெல்லாம் பயம். தெரியாத வீட்டில் போய் எதைக் கேட்கப்போகிறேன், பைத்தியம் என்று நினைப்பார்கள். ஒருவேளை வாங்கிக்கொண்டால், அதை விட்டுவிட்டு நான் எப்படித் திரும்பி வருவேன் என்றும் பயந்தேன். அருமனையில் இறங்கி ஒரு கடையில் விசாரித்தேன். பட்டாளக்காரர் செல்லையன் வீடு என்றதும் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஏறிப்போகிற ஒரு வழியைக் காட்டினார்கள்.

வீட்டில் அவருடைய மகள் இருந்தாள். லீலாபாய் என்று பெயர், என் வயதுதான் இருக்கும், நெற்றியில் நாமம். ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். 'ஆரு? என்ன காரியம்?' என்று கேட்டாள். குரலில் சிரிப்பு இல்லை. கழுத்தில் ஜெபமாலை கிடக்கிற ஒரு கிழவி பையோடு வந்தால் கோவிலுக்குப் பணப் பிரிவு கேட்டு வந்திருப்பாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். என் அப்பாவும் உங்கள் அப்பாவும் பட்டாளத்தில் ஒன்றாக இருந்தார்கள் என்று சொன்னேன். அவள் இன்னொரு ஷீட்டைத் திருப்பிப் போட்டாள். போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். செல்லையன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பிறகு பக்கத்தில் நின்றவர் மேல் விரலை வைத்தாள்.

'இதுதானா உங்க அப்பா? கயிறு அந்தோணியா?'

எனக்கு ஒன்றும் புரியவில்லை, மக்கா. அப்படி ஒரு பெயரை நான் கேட்டதே இல்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், பால் இல்லாத கட்டங்காப்பி போட்டுக் கொடுத்து, அவள்தான் சொன்னாள். அவள் அப்பா அந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வாராம். வங்காளத்தில் ஓர் ஆறு. படகுகளைக் கயிற்றில் கட்டி அக்கரைக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எதிர்க்கரையிலிருந்து குண்டு விழுகிறது. செல்லையன் இருந்த படகின் கட்டு அறுந்து ஆற்று ஒழுக்கில் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மிச்சம் ஒரே கயிறு, அதன் நுனி கரையில் அப்பா கையில். கயிற்றை விட்டுவிட்டுப் பதுங்கு பள்ளத்தில் குதிக்கும்படி கரை மேலே இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவரோடு பிடித்தவர்கள் குதித்துவிட்டார்கள். அப்பா விடவில்லை. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. ஒரு மரத்தில் காலை முட்டுக்கொடுத்து நின்றிருக்கிறார், மற்றவர்கள் திரும்பி வந்து பிடிக்கும் வரைக்கும். அவர் உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு இருந்தது. கிணற்றுக் கயிறு அறுத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

'நீ எப்பிடிடே விடாம நின்னன்னு அப்பா கேட்டாங்களாம்' என்றாள் லீலாபாய். 'அதுக்கு அவரு, பயத்துல கை பூட்டிப் போச்சு, தொறக்கத் தெரியல்லன்னு சொன்னாராம். அப்பா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அந்தக் கை தொறந்திருந்தா நான் பெறந்திருக்க மாட்டேன் பாத்தேளா.'

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நம் ஊரில் பயந்தான் என்று சிரித்த அதே மனுஷனை இந்த மேட்டில் இத்தனை வருஷமாக வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள், அது சந்தோஷம்தான். ஆனால் அப்போது நான் நினைத்தது அதை இல்லை. எனக்கும் அப்படித்தான் பயத்தில் கை பூட்டிப்போனது. அவர் கை பூட்டியபோது அதன் மறுமுனையில் ஓர் ஆள் இருந்தான். என் கை பூட்டியபோது அதில் காகிதம் இருந்தது. ஆள் வெளியே, தண்ணீரில் இருந்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாதவளிடம், ஷைனியின் கால், மெர்லின், சுவர், பை, எல்லாம். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து, சாமி படத்துக்குப் பதில் கண்ணாடி வைத்துக் கும்பிடுகிற அறைக்குப் பக்கத்தில் இருந்த பீரோவைத் திறந்தாள். நடுத்தட்டில் செல்லையனின் காகிதங்கள் ஒரு துணியில் கட்டியிருந்தன. அதைக் கொஞ்சம் நகர்த்தினாள். 'அப்பாக்க கூட இருக்கட்டும்' என்றாள். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், என் காலத்துக்குப் பிறகும் இருக்கும்படி என் மகளிடம் சொல்லிவைப்பேன் என்றாள். ஒரு தாளில் நம் வீட்டு விலாசத்தையும் உன் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டாள். பையை வைத்தேன். இவ்வளவு நாள் தேடியதற்கு அது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

புறப்படும்போது குடை பிடித்து வழி வரைக்கும் கூட வந்தாள். எதையோ கேட்க நினைத்துத் தயங்குவது தெரிந்தது. பஸ் நிற்கிற இடம் வந்த பிறகு கேட்டாள்: 'கேக்கியேன்னு தப்பா நெனைக்காதீங்க. காயிதத்துக்கு எடம் ஆச்சு. அந்தப் பிள்ளைக்கு?'

அவள் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மடி காலியாக இருந்தது. ஆனி தொடங்கி ஆடி வரைக்கும் ஒவ்வொரு படியாக ஏறி, கடல் வராத இடம் எங்கே என்று விசாரித்திருக்கிறேன். சாமியாரிடம் கேட்டேன், ஆபீஸில் கேட்டேன், போனில் கேட்டேன். எல்லாம் ஒரு பைக்கு. அந்த நாளெல்லாம் என் பேத்தி தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கிற அறையில்தான் தூங்கினாள். அது எனக்கு ஒரு தடவைகூட விசித்திரமாகப் படவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து இதை நினைத்தபோது வந்த பயம் இன்னும் போகவில்லை. வீடு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும் என்று நானும் பழகிப்போயிருக்கிறேன். நீயும்தான்.

உனக்குப் பிடிக்காத பேச்சு இது, தெரியும். போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது நான் லேசாக ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டாய். அந்த வீடு நீ பாலைவனத்து ஓரத்தில் வெயிலில் கிடந்து உழைத்துக் கட்டியது. கடல் தெரியாத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது என்றாய். நாம் போனால் நம் கரையை வேறு எவனாவது வளைத்துக்கொள்வான், அதற்குத்தான் காத்திருக்கிறார்கள் என்றாய். அது பொய் இல்லை. சூசையும் அதையேதான் சொல்கிறார், அவரும் தப்பானவர் இல்லை. கரைக்காகச் சண்டை போட வேண்டும், போடுங்கள். நானும் வந்து ரோட்டில் உட்காருவேன். ஆனால் அந்தச் சண்டைக்குக் காவலாக ஒரு குழந்தையையும் காலைச் சரியாக ஊன்ற முடியாத ஒரு பெண்ணையும் முதல் வரிசையில் படுக்கவைக்க என்னால் முடியாது.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகப் பயம். நீ அங்கே யாருடைய படகிலோ, எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாத கடலில் இருக்கிறாய். அந்தப் பக்கம் தாண்டியவர்களைப் பிடித்துக்கொண்டு போனதும், சுட்டதும் நாம் கேட்காத கதை இல்லை. முதலாளி சொன்னாலும் தாண்டாதே. ஏதாவது நடந்தால் வலை போகட்டும், இஞ்சின் போகட்டும், போன் போகட்டும். எதையும் எடுக்கத் திரும்பாதே. அந்த நேரத்தில் கை எதைப் பிடிக்கும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது, மக்கா. எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மேலே, மெயின் ரோட்டைத் தாண்டி, கன்னியர் மடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு இருக்கிறது. இரண்டு அறைதான், ஜன்னலில் தென்னை மட்டும்தான் தெரியும். ஷைனி உன்னிடம் கேட்காமல் வரமாட்டேன் என்றாள். உன் சம்மதத்தைக் கேட்டு எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி இவ்வளவு தூரம் வந்த பிறகு அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ வேண்டாம் என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? சரி என்று இங்கேயே படுத்துக் கிடப்பேனா? மாட்டேன். அதனால் கேட்கவில்லை, சொல்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாங்கள் அங்கே மாறியிருப்போம். ஷைனியிடம் நான்தான் பேசிக் கூட்டிப்போகிறேன்; அவள் வரவில்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன், அப்போது அவளும் வருவாள்.

உனக்குக் கோபம் வரும். என் சம்பாத்தியத்தில் கட்டின வீட்டைப் பூட்ட நீ யார் என்று கேட்பாய். கேள். அங்கிருந்து போனில் கத்து, லீவு கிடைத்ததும் வந்து முகத்துக்கு நேராகவும் கத்து. கோபப்படுவதற்கு நீ முழுசாக இருக்க வேண்டும், நீ வந்து கத்துவதற்கு நாங்களும் இங்கே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பயத்தோடு,
அம்மா